டைனோசர் தமிழ் பேசிய ஞாயிறு

பழைய, மலிவான டைனோசர் படங்கள் என்றால் எனக்கு உயிர். கறுப்பு வெள்ளையில் ஒரு தீவு, அட்டையில் செய்த எரிமலை, ரப்பர் உடைக்குள் வியர்த்துக்கொண்டு நடக்கும் ஒரு மனிதர், அவர் முதுகில் பளிச்சென்று தெரியும் ஜிப். எல்லாம் பொய் என்று தெரியும். ஆனாலும் அந்தப் பெரிய கால் கூடாரத்துக்குப் பக்கத்தில் வந்து விழும்போது நெஞ்சு திக்கென்று ஆகிவிடும். கிள்ளானில் எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் இந்தப் பைத்தியம் கிடையாது.

என் கணவர் மதுரைக்காரர். வேலை பெர்மிட்டில் கடல் கடந்து இங்கே வந்து, ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருப்பவர். வீட்டில் வாய் ஓயாது. நாலு பேர் கூடிவிட்டால் ஊமையாகிவிடுவார். கல்யாணமான புதிதில் என் சித்தப்பா பிள்ளைகள், "மாமா பேசுறது சினிமா டயலாக் மாதிரியே இருக்கு லா" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுச் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அவர் அன்றோடு சுருங்கிப் போனார்.

போன வருடம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் பழைய டைனோசர் படம் திரையிடுகிறார்கள் என்று தெரிந்ததும் நான் துள்ளிக் குதித்தேன்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா டைனோசரா?" என்றார் என் கணவர்.

"கிளம்புங்க. பிடிக்கலன்னா அங்கேயே தூங்குங்க."

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. படம் தொடங்கியது. பேராசிரியர் ஒருவரும் கப்பல் தலைவர் ஒருவரும் படகில் தீவுக்கு வருகிறார்கள். புதர் அசைகிறது. முதல் டைனோசர் வெளியே வந்தது: முதுகில் அட்டைச் செதில் ஒட்டிய ஓர் உடும்பு!

"ஐயோ, இது எங்க வீட்டுப் பின்னாடி சாக்கடையில ஓடுற பியாவாக் லா!" என்று பின்வரிசையில் ஓர் அங்கிள் உடும்பின் உள்ளூர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். கூடம் அதிர்ந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அப்போது ஒலி நின்றுபோனது. படம் மட்டும் ஓடியது. திரையிடலை நடத்திய பெண் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார், பலனில்லை. சிலர் கைப்பேசியை எடுத்தார்கள். ஒரு குடும்பம் எழுந்தே விட்டது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

திரையில் கப்பல் தலைவர் வாயைத் திறந்தார். என் காதோரம் ஒரு குரல்:

"சார், படகைத் திருப்புங்க சார். அது நம்மளைப் பரோட்டாவைப் பாக்குற மாதிரி பாக்குது."

என்னைச் சிரிக்கவைக்கத்தான் என் கணவர் மெதுவாகச் சொன்னார். உதட்டசைவு அப்படியே பொருந்தியது! முன்வரிசை ஆன்டி திரும்பினார். "தம்பி, சத்தமா சொல்லுங்க! எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் உறைந்துபோனார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். பேராசிரியர் விரலை நீட்டிப் பேசத் தொடங்கியதும் அவரால் அடக்க முடியவில்லை.

"பயப்படாதய்யா! நான் படிச்சவன். அது புல்லு திங்கிற ஜாதி!"

மறுநொடி உடும்பு ஒரு ஆளை விழுங்கியது. கூடமே கூத்தானது. எழுந்த குடும்பம் உட்கார்ந்துகொண்டது. அவர் பேராசிரியருக்கு மூக்கால் பேசினார், கப்பல் தலைவருக்குத் தொண்டையைக் கனைத்தார். உடும்பு மறுபடி வாயைத் திறந்தபோது, எனக்கு எங்கிருந்து வந்ததோ, அடிவயிற்றிலிருந்து கர்ஜித்தேன்.

"ஹலோ பாஸ்! இது யாரோட கம்பம், யாரோட ஊருன்னு தெரியுமா? பெர்மிட் இருக்கா?"

"பெர்மிட் படகுலயே இருக்குங்க! எடுத்துட்டு வந்துடுறோம், கடிச்சுடாதீங்க!" என்றார் அவர், கப்பல் தலைவர் குரலில்.

சிரிப்பில் யாரோ நாற்காலியோடு சாய்ந்தார். எரிமலை வெடித்தபோது யாரும் சொல்லாமலே எல்லோரும் தரையைக் காலால் உதைத்தார்கள். மாடியே குலுங்கியது.

கடைசிக் காட்சியில், கரகரவென்று ஆங்கில ஒலி திரும்பி வந்தது.

"ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!" என்று கூடமே கத்தியது. நடத்திய பெண் சிரித்துக்கொண்டே வயரைப் பிடுங்கிப் போட்டார்.

படம் முடிந்ததும் அவரைச் சுற்றி ஒரே கூட்டம். "மதுரையா தம்பி? சூப்பர் லா, உங்க பேச்சு!" என்று பின்வரிசை அங்கிள் முதுகில் தட்டினார். படியிறங்கும்போது என் கணவர் பேசினார், வாழையிலைச் சாப்பாட்டின்போது பேசினார், கிள்ளான் வரை காரில் பேசிக்கொண்டே வந்தார்.

"அடுத்த தடவை உடும்பு எனக்கு," என்றார். "கர்ஜிக்கிறது எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எப்படி?"

காருக்குள்ளேயே ஒரு முறை கர்ஜித்தும் காட்டினார். சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிக் காரை ஓட்டிவிட்டேன்.