ஆம், இல்லை, சரி

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை, வண்டிகளுக்கான சின்னச் சின்ன உலோகப் பாகங்களைக் கடைந்து கொடுக்கிறது. நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் தொங்கும் செக் ஷீட்டில் ஆட்கள் டிக் அடித்து வைப்பார்கள். அவற்றை வாங்கிவந்து கணினியில் ஏற்றுவது என் வேலை. காகிதங்கள் எண்ணெய் குடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சில டிக்குகள் அடுத்த வரியில் பாதி ஏறி நிற்கும். எந்த வரிக்கு அடித்தார்கள் என்று தெரியாமல் நானே ஒன்றை முடிவு செய்துகொள்வேன்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"இனிமே பேப்பர் வேணாம்மா. எல்லாம் கையில வச்சு அமுக்கற டேப்லயே வந்துரணும். ஒரு டெம்ப்ளேட் போட்டுக் குடு. மெஷின் ஷாப், அசெம்பிளி, டிஸ்பேட்ச், கேண்டீன், எல்லா டீமுக்கும் ஒண்ணே."

"எல்லாருக்கும் ஒண்ணேவா சார்?"

"ஒண்ணேதான். கேள்வி மட்டும் மாறும். ஆம், இல்லை. ஆம், இல்லை. அவ்ளோதான்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் என்ன கேட்டிருக்கிறார் என்று சரியாகப் புரியவில்லை. கேள்வி மாறும் என்றால் ஒன்றே என்று எதைச் சொல்கிறார்? மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். அவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரியா? பொண்ணு மாப்பிள்ளை பேரு மட்டும் மாத்தி அடிப்பாங்களே?" என்றார்.

அப்படித்தான் என்றும் சொல்லத் தோன்றவில்லை, அப்படியில்லை என்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஒவ்வொரு பிரிவாகப் போய் என்ன கேள்வி வேண்டும் என்று கேட்டேன். போகப் போகக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். டிஸ்பேட்சில் லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று போடச் சொன்னார்கள். கேண்டீன் மாஸ்டர், "சாம்பார்ல உப்பு பாத்தாச்சான்னு ஒண்ணு போடுங்கம்மா, என்னையத் தவிர யாரும் பாக்கறதில்ல" என்றார். மெஷினைக் குளிர வைக்கும் கூலண்ட் அளவும் சாம்பார் உப்பும் ஒரே டெம்ப்ளேட்டில் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன்.

மெஷின் ஷாப்பில் ஒரு லைனுக்கு லீடராக இருந்தவர் கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. வீட்டில் கன்னடம்; தமிழ் கம்பெனிக்கு வந்த பிறகு பேசிப் பழகியது. அவருடைய டீமில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துப் பெண்கள்.

"தமிழுக்குக் கீழ கன்னடமும் போடு. புள்ளைங்க நின்னு எழுத்துக் கூட்டிட்டு இருந்தா மெஷின் எப்ப ஓடறது?" என்றார்.

அதனால் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். நான் தமிழில் சொல்வேன், அவர் கன்னடத்தில் சொல்வார். எனக்குக் கன்னடம் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. அவர் டேப்பில் பேசினால் அது எழுத்தாக மாறும். சரியாக வந்திருக்கிறதா என்று விரல் வைத்து வாசித்துப் பார்ப்பார். அந்த வேலை எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

மேனேஜர் இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். ஷாப் வாசலில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் அதில் ஒரு கட்டம். 'ஆம்' என்றால் பச்சை, 'இல்லை' என்றால் சிவப்பு. சாமான் வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் சீக்கிரமே பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குப் பார்த்தவுடன் புரிய வேண்டும் என்றார். அப்படியென்றால் நல்ல பதில் எல்லாமே 'ஆம்' என்று இருக்க வேண்டும். மூடி மூடியிருக்கிறதா? ஆம். விளக்கு எரிகிறதா? ஆம். எண்ணெய் ஒழுகுகிறதா? இங்கே மாட்டிக்கொண்டேன். ஆம் என்றால் கெட்டது, ஆனால் பச்சை விழும். கேள்வியைத் திருப்பினேன்: 'எண்ணெய் ஒழுகவில்லையா?' வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அக்காவும் கன்னடத்தில் "எண்ணெ சோர்தா இல்வா?" என்று சொல்லிப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை டேப்புகளைக் கொடுத்தோம். காலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டிவியில் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. முதலில் ஒரு வரிசை, அப்புறம் அடுத்த வரிசை. மேனேஜர் ஓடிவந்து பார்த்தார்.

"எல்லா மெஷின்லயும் ஆயில் லீக்கா? நிறுத்துங்க எல்லாத்தையும்!"

மெஷின்கள் நின்றன. அவ்வளவு பெரிய ஷெட்டில் அப்படியோர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. மெயின்டனன்ஸ் ஆட்கள் டார்ச் அடித்துக்கொண்டு சிவப்பு விழுந்த ஒவ்வொரு மெஷினுக்கும் கீழே படுத்துப் பார்த்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. அடுத்ததும் காய்ந்து கிடந்தது. அதற்கடுத்ததும்.

கடைசியில் டிவியில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பச்சையாக இருப்பதை மேனேஜர் கவனித்தார். எங்களையெல்லாம் அந்த மெஷினுக்குக் கூட்டிப்போனார்.

"இது ஒண்ணாவது ஒழுங்கா இருக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓர் எட்டு முன்னால் வைத்தார். ஷூ வழுக்கியது. பக்கத்தில் நின்ற தளி அக்கா சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தலை மெஷினில் மோதியிருக்கும். கீழே பார்த்தால், ஹைட்ராலிக் ஆயில் குளம் கட்டி நின்றது.

அந்த மெஷினை ஓட்டியவர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். பயந்துபோய் நின்றார்.

"ஒழுவுது சார். காலையிலேந்தே ஒழுவுது. அதான் ஆமான்னு போட்டேனே" என்றார்.

மேனேஜர் மூச்சு வாங்கியபடி அக்காவிடம் திரும்பினார். "ஒழுகலையான்னு கேட்டா, ஏம்மா உங்க டீம்ல எல்லாரும் இல்லைன்னு போட்டீங்க?"

"ஒழுகல சார். அதனால இல்லன்னு போட்டோம்."

"அப்ப ஆமான்னுதான் போடணும்."

"ஆமான்னா ஒழுகுதுன்னு ஆயிருமே சார்."

"இல்லம்மா. ஒழுகலையான்னு கேட்டா, ஆமா, ஒழுகல."

"ஒழுகலையான்னு கேட்டா, இல்ல, ஒழுகல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. எத்தனை வருடமாக இந்த மொழியில் பேசுகிறேன், இப்படியொரு கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று யோசித்தால் அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

லைன் நின்றதற்கு யாரையாவது திட்டியாக வேண்டும். மேனேஜர் அக்காவைத்தான் அவருடைய டீம் முன்னாலேயே திட்டினார். கேள்வி என்னுடையது என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, எம்மேல கோபம் இல்லையே?"

"ம்ம்" என்றார். தளி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அந்த 'ம்ம்' எதற்கு? கோபம் இல்லை என்பதற்கா, இருக்கிறது என்பதற்கா? வீடு வரைக்கும் அதையே உருட்டிக்கொண்டு நடந்தேன்.

அடுத்து எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆமும் வேண்டாம், இல்லையும் வேண்டாம். 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு பொத்தான் வைத்தால்? கன்னடத்திலும் சரி என்றுதான் சொல்கிறார்கள், ஷாப்பில் சிலர் பேசும் தெலுங்கிலும் சரே. மூன்று மொழிக்கும் ஒரே சொல் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

மறுநாள் டிவி முழுக்கப் பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை. மேனேஜர் அதைப் போட்டோ எடுத்துத் தன் மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். "பாத்தியா, இதத்தான் நான் கேட்டேன்" என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஷாப்புக்குள் நடந்து போகும்போதுதான் பார்த்தேன். ஒரு மெஷின் ரிப்பேருக்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அதன் கதவு தனியாகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டிவியில் அதுவும் பச்சை. அதற்குப் பொறுப்பான பெண்ணிடம் கேட்டேன்.

"இத எப்படிம்மா சரின்னு போட்டே?"

"சரின்னு அமுக்கினாத்தானே அக்கா அடுத்த பக்கம் போகும்? போன்ல எல்லாம் அப்படித்தானே?"

திரை எதையோ காட்டுகிறது, சரி, பார்த்துக்கொண்டேன் என்று அவள் அமுக்கியிருக்கிறாள். நாமும் நாளெல்லாம் அப்படித்தானே சரி சொல்கிறோம். போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நேத்து எல்லாம் சரியா இருந்துச்சா, இல்லையா?"

"தெரியல சார்."

அவருக்கு அது போதவில்லை.

இரண்டு நாள் எதையும் தொடவில்லை. பழைய செக் ஷீட்டையே தொங்கவிடச் சொன்னார்கள். தோற்றுப்போனது போலவும் இருந்தது, எதில் தோற்றேன் என்று தெரியாதது போலவும் இருந்தது. ஒரு காலையில் சமையலறையிலிருந்து கணவரிடம், "தண்ணி இன்னும் வரலையா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். வந்துவிட்டது போல என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனால் குழாயில் காற்றுதான் வந்தது. சண்டை பிடிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றேன்.

"ஏங்க, தண்ணி வரலையான்னு கேக்காம, குழாய் எப்படி இருக்குதுன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"காஞ்சு கிடக்குதுன்னு சொல்லியிருப்பேன். எதுக்கு காலங்காத்தால இதெல்லாம்?"

அன்று கேள்விகளை எல்லாம் தூக்கிவிட்டேன். 'மெஷினுக்குக் கீழே தரை' என்று மட்டும் எழுதி, அதற்கு இரண்டு பொத்தான்: 'காய்ந்திருக்கிறது', 'எண்ணெய் கிடக்கிறது'. 'கதவு' என்றால் 'மூடியிருக்கிறது', 'திறந்திருக்கிறது', 'கதவே இல்லை'. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பதில்; எதற்குப் பச்சை, எதற்குச் சிவப்பு என்பதை நானே உள்ளே குறித்துவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "இது ஒரு டெம்ப்ளேட் இல்லம்மா, நூறு டெம்ப்ளேட்" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் ஓட்டிப் பார்க்க விட்டார்.

கன்னடத்துக்கு மறுபடியும் அக்காவிடம்தான் போக வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் எதிரே போய் உட்கார்ந்தேன். இந்த முறை தெளிவாகக் கேட்டேன்.

"அக்கா, கோபமா இருக்கீங்களா, ஆறிருச்சா?"

மோர்க்குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

"ரெண்டும் இருக்குது" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து டேப்பை வாங்கிக்கொண்டார்.

பெரிய கம்பெனிக்காரர்கள் வந்த அன்று டிவியில் பெரும்பாலும் பச்சை, நடுவில் ஒரு சிவப்பு. மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது. வந்தவர்களில் ஓர் அம்மா நேராக அந்தச் சிவப்பு மெஷினுக்கே நடந்தார். அங்கே உண்மையாகவே எண்ணெய் கிடந்தது. ஒருவர் அதற்குக் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். அந்த அம்மா டிவியைத் திரும்பிப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எதையோ எழுதிக்கொண்டார். நல்லதாக எழுதினாரா, கெட்டதாக எழுதினாரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆர்டர் மட்டும் தொடர்ந்து வருகிறது.

மேனேஜர் இப்போதும் அதை "நம்ம டெம்ப்ளேட்" என்றுதான் சொல்கிறார். கேண்டீனுக்கு ஒன்று, டிஸ்பேட்சுக்கு ஒன்று என்று அது எத்தனையாகப் பிரிந்துவிட்டது என்று நானும் அவருக்குச் சொல்லவில்லை. சாம்பார் உப்புக்கு 'போதும்', 'போதாது', 'கூடிப்போச்சு' என்று மூன்று பொத்தான். மாஸ்டர் மட்டுமே அதை அமுக்குகிறார்.

போன மாதம் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டிலும் இதைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி, என்னையும் அக்காவையும் கம்பெனி வேனில் அனுப்பினார்கள். அங்கே எல்லாம் கன்னடம். தமிழை எடுத்துவிட்டு, கன்னடத்தை மட்டும் விடச் சொன்னார்கள். எடுத்தேன். அதற்குப் பிறகு திரையில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மேல இருந்து நாலாவது, தரை. அதுக்குக் கீழ கதவு" என்று சொல்லச் சொல்ல, நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டே நகர்த்திக்கொண்டிருந்தேன்.