முகத்துக்கு முன் வந்த பெயர்கள்

பெயர் தனசேகரன். பிறந்தது 1970 ஆகஸ்டில், சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். வளர்ந்தது தோ பாயோவில், பதினொன்றாம் மாடி வீடொன்றில். தந்தை செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை முடிந்தபின், 1992இல், டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் மஜீது நடத்திய அச்சகத்தில் பக்கம் அமைப்பவராகச் சேர்ந்தார். 1998 மார்ச்சில் அங்கிருந்து விலகி இணையத்தளம் அமைக்கும் தொழிலுக்கு வந்தார். இதுவரை அவர் கைப்பட அமைத்த தளங்கள் இருநூற்றுப் பதினேழு. இன்று இயங்குபவை ஒன்பது.

அச்சகத்தில் கழிந்த ஆறு ஆண்டுகளில் தனசேகரன் கற்றது எழுத்துருவோ தாள் அளவோ மட்டுமன்று. சங்கங்களும் கோயில்களும் ஆண்டுதோறும் வெளியிடும் விழா மலர்கள்தாம் அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டன. முதல் மலரை அவர் கையில் கொடுத்தபோது அப்துல் மஜீது சொன்னார்: "தம்பி, கட்டுரைய எவனும் படிக்கமாட்டான். படத்துக்குக் கீழ தன் பேரு இருக்கான்னு மட்டும்தான் பாப்பான். ஒரு பேரை விட்டுட்டேன்னு வை, ஆயிரம் பிரதியும் நம்ம கடையிலயே தூங்கும்."

ஆகவே நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம் என்று ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் தேடுவது தனசேகரனுக்கு மூச்சு விடுவதைப்போல ஆகிவிட்டது. பெயர் தெரியாத ஒருவருக்காக மூன்று வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசுவார். பேசித் தெரிந்துகொண்ட பிறகுதான் அன்றைய டீயைக் குடிப்பார்.

2000ஆம் ஆண்டில் தோ பாயோ தமிழ்க் குடும்ப மன்றம் தனக்கொரு தளம் வேண்டும் என்றது. பொங்கல் விழா, செந்தோசா சுற்றுலா, மாணவர் பரிசளிப்பு என்று உறைகளில் கிடந்த படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து அடுக்கினார் தனசேகரன். பெயர்ப் பட்டியலோடு போய் நின்றபோது செயலாளர் அண்ணாதுரை கையை உயர்த்தித் தடுத்தார்.

"பேரு மட்டும் போடாதீங்க, தனா. போன வருச மலர்ல வெங்கட் பேரு முன்னாடி வந்துச்சுன்னு அழகேசன் எட்டு மாசமா கூட்டத்துக்கே வரல."

"பேரில்லாம படம் போட்டா யாரு என்னன்னு எப்படிங்க ஐயா தெரியும்?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் லா. தெரியாதவங்களுக்கு எதுக்கு?"

தனசேகரன் மறுத்துப் பேசவில்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. பக்கத்தின் நிரல்வரிகளில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு குறிப்பு எழுத இடம் உண்டு. தொழிலில் அதை ஆல்ட் என்பார்கள். படம் திறக்காதபோது அதன் இடத்தில் அந்தக் குறிப்புத் தோன்றும், திறந்துவிட்டால் மறைந்துகொள்ளும். பெயர்கள் அனைத்தையும் அவர் அங்கே வைத்தார். தமிழ் எழுத்துரு எல்லாக் கணினியிலும் இல்லாத காலம் என்பதால் ஆங்கில எழுத்தில் வைத்தார். அண்ணாதுரை பார்த்தபோது படங்கள் மட்டுமே தெரிந்தன. இருவருக்கும் திருப்தி.

அந்த நாள்களின் இணையத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தனசேகரனின் குரல் இன்றும் இளகிவிடும். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து, ஒருவழியாகத் தொடர்பு கிடைக்கும். பக்கத்தைத் திறந்தால் முதலில் வெறும் கட்டங்கள். கட்டத்துக்குள் பெயர்கள்: நாகம்மா, ஷங்கர், சரஸ்வதி. பிறகுதான் படம் மேலிருந்து கீழாக இறங்கும். முதலில் சமூக மன்றத்துக் கூரை, பின்பு தலைமயிர், நெற்றி, கண். ஒரு முகம் முழுதாக வந்து சேர்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். பெயரைப் படித்துவிட்டு முகத்துக்காகக் காத்திருந்த அந்த அரை நிமிடத்தை, பிற்காலத்தில் எந்த வேகமும் தமக்குத் தரவில்லை என்பார்.

வேகம் வந்தது, பெயர்கள் கண்ணுக்குத் தெரிவது நின்றது. புதுப் பாணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. சுழன்றாடும் முகப்புகள், கைப்பேசிக்கென்று தனித் தளம், பிறகு எல்லாத் திரைக்கும் வளைந்து கொடுக்கும் ஒரே தளம். 2013இல், கீழே தள்ளத் தள்ளப் படங்கள் தாமாக வந்துகொண்டே இருக்கும் பாணி வந்தபோது, தனசேகரனே ஆசைப்பட்டு மன்றத்தின் படத்தொகுப்பை அப்படி மாற்றினார். அப்போதும் ஆண்டுதோறும் புதுப் படங்களுக்குப் பெயர் எழுதுவதை விடவில்லை. படிக்க ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். வெளியே போகாமல் வீட்டிலேயே இருப்பவர்கள் காலையில் குளிப்பதற்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வார்கள்? அதைப்போலத்தான் இதுவும்.

2025இல், ஊபி வட்டாரத்தில் அவர் வேலை பார்த்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தளம் அமைக்கும் முறைக்கு முற்றாக மாறியது. பழைய தளங்களைப் புது வார்ப்புக்கு மாற்றும் பொறுப்பு அவருக்கும் ரக்ஷனாவுக்கும் வந்தது. ரக்ஷனாவுக்கு வயது இருபத்தேழு, கெட்டிக்காரி, தனசேகரனை அங்கிள் என்று கூப்பிடுவாள், அவர் எழுதும் நிரலை மியூசியம் என்பாள்.

மன்றத்தின் தளத்தில் இருந்த படங்கள் 2,316. புதுக் கருவி நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் இடம் மாற்றியது. பார்வையற்றோருக்கும் தளம் பயன்படுகிறதா என்று சோதிக்கும் கருவி நூற்றுக்கு நூறு கொடுத்தது.

"அங்கிள், நூறு! உங்க மியூசியத்துக்கு நூறு மார்க்!" என்று ரக்ஷனா குதித்தாள். அன்று மாலை தேக்கா சந்தையில் அவளுக்கு அவர் தே தாரிக் என்னும் நுரைத்த டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். பழைய தளம் தங்கியிருந்த வழங்கிக் கணினியின் ஒப்பந்தம் அந்த வார இறுதியில் முடிந்தது. அதிலிருந்தவை அழிக்கப்பட்டன.

பன்னிரண்டாம் நாள், மன்றத்தில் எண் வாங்கி, ஒரு பெண்மணி தனசேகரனை அழைத்தார்.

"வெப்சைட் செய்ற தம்பிங்களா? நான் முனீரா. பிளாக் நூத்து எழுபத்தொண்ணு. முன்னாடி தொலைபேசி நிலையத்துல ஆப்பரேட்டரா இருந்தேன்."

"சொல்லுங்கக்கா."

"பேரையெல்லாம் எங்க தம்பி கொண்டு போனீங்க?"

தனசேகரனுக்கு விளங்கவில்லை. முனீரா பொறுமையாகச் சொன்னார். அவருக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை அவருடைய கைப்பேசி வாய்விட்டுப் படிக்கும். "முன்ன ஒவ்வொரு படத்துக்கும் பேரு சொல்லும். வெள்ளக்காரன் கூப்புடுற மாதிரி கோணலா கூப்புடும். ஆனாலும் கூப்புடும். இப்ப என்னன்னா, 'கட்டடத்தின் முன் நிற்கும் சிலர்.' அடுத்தது, 'வண்ண உடை அணிந்த ஒரு குழு.' எங்க வீட்டுக்காரர் பதினோரு படத்துல இருந்தார் தம்பி. இப்ப அவரு 'சிரிக்கும் முதியவர்' ஆயிட்டார்."

தனசேகரன் திரையைத் திறந்தார். படங்கள் பளிச்சென்று இருந்தன. பார்ப்பவர் எவருக்கும் ஒரு குறையும் தெரியாது. நிரல்வரிக்குள் போய்ப் பார்த்தபோதுதான் அவர் கை நின்றது. கருவி, பழைய குறிப்புகளை நீக்கிவிட்டு, 2,316 படங்களுக்கும் தானே வருணனை எழுதியிருந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு பெயர்கூட இல்லை.

அந்தப் பெயர்கள் வேறு எங்கும் சேமிக்கப்படவில்லை. படங்களில் இருந்தோரில் பலர் இப்போது இல்லை. அச்சகத்தில் ஒரு பெயரை விட்டாலே ஏச்சு வாங்கியவர், ஒரு பிற்பகலில் அத்தனை பேரையும் விட்டிருந்தார். மதியச் சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது.

ரக்ஷனா விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்து அருகில் போட்டாள். "அங்கிள், செட்டிங்ல 'பழசை வச்சுக்கோ'ன்னு ஒரு டிக் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். பழைய சைட்ல என்ன இருக்கப்போகுதுன்னு… சாரி அங்கிள்."

"நான் பக்கத்துலதானே இருந்தேன். நானும் பாக்கலியே."

"இருங்க. பப்ளிக் ஆர்க்கைவ்ல பழைய பேஜ் கிடைக்கும்."

உலகின் இணையப் பக்கங்களை அவ்வப்போது படியெடுத்து வைக்கும் பொதுக் காப்பகத்தில் மன்றத்தின் பக்கங்களும் இருந்தன. மூன்று நாளில் 1,604 படங்களின் பெயர்களை அவள் மீட்டுவிட்டாள். பிறகு மீட்பு அப்படியே நின்றது. 2013இல் தனசேகரன் ஆசையோடு செய்த மாற்றமே காரணம். கீழே தள்ளும்போது மட்டும் வரும் படங்களைக் காப்பகம் எடுத்திருக்கவில்லை. மீதி 712.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மடிக்கணினியோடு முனீராவின் வீட்டுக்குப் போனார்கள். தொலைந்ததை நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்பதே எண்ணம். முனீரா சர்பத் கொடுத்து உட்காரவைத்தார்.

"எந்தப் படம் இல்லேங்கிறீங்க?"

"2014 பொங்கல்லேர்ந்துக்கா. ஒண்ணுமே கிடைக்கல."

"அதுல மொதப் படம் எப்படி இருக்கு? சொல்லுங்க."

தனசேகரன் சொன்னார். "ஆறு பேர் நிக்கிறாங்க. இடது ஓரத்துல மஞ்சச் சேலை, பக்கத்துல உயரமா ஒருத்தர், கண்ணாடி…"

"கவிப்ரியா, ஷங்கர், நாகம்மா, நாகம்மாவோட மருமகன் அகிலன், அப்புறம் நம்ம அழகேசன், கடைசியா அமலா," என்றார் முனீரா, தொலைபேசி எண் சொல்லும் வேகத்தில்.

ரக்ஷனா வாயைப் பிளந்தாள். "ஆன்டி, எப்படி?"

"ஏம்மா, ஒரே பாட்ட வாராவாரம் கேட்டா உனக்கு வரிசை மறக்குமா?"

அன்று தொடங்கி ஏழு சனிக்கிழமைகள். எந்த விழா, எத்தனையாவது படம் என்பதோடு சேலையின் நிறத்தையும் சட்டையின் கோடுகளையும் தனசேகரன் சொல்வார். முனீரா பெயர் சொல்வார். ரக்ஷனா இம்முறை தமிழிலேயே தட்டச்சு செய்வாள். ஏறத்தாழ ஐந்நூறு படங்கள் அப்படித் தீர்ந்தன. எஞ்சியவற்றுக்காக மன்றக் கூட்டத்தில் திரை கட்டிக் காட்டியபோது, எண்பது வயதிலும் செயலாளர் பதவியை விடாத அண்ணாதுரை முன்வரிசையில் இருந்தார்.

"அப்பவே பேரு போடவேணாம்னேன். இத்தன வருசமா ஒளிச்சு வச்சுருக்கீங்க!"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்னீங்களே ஐயா. மூணாவது படத்துல உங்க பக்கத்துல நிக்கிறது யாருங்க?"

அண்ணாதுரை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மீண்டும் துடைத்தார். "சேச்சே… நல்லாத் தெரிஞ்ச மனுசன்தான்," என்று முணுமுணுத்தார். பின்வரிசையில் இருந்த அழகேசன்தான் எழுந்து அந்தப் பெயரைச் சொன்னார்.

முடிவில் முப்பத்தெட்டு முகங்கள் மிஞ்சின. அவற்றுக்குக் கருவியின் வருணனையைத் தனசேகரன் ஏற்கவில்லை. 'பெயர் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதினார்.

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பகல் தொழுகை முடித்து வந்து, முனீரா கைப்பேசியைக் கையில் எடுத்தார். தனசேகரன் எதிரே அமர்ந்திருந்தார். தமிழ்க் குரல் ஒன்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனது. தம் கணவரின் பெயர் வந்த இடத்தில் முனீரா விரலால் நிறுத்தினார். பின்னுக்குத் தள்ளி இன்னொரு முறை கேட்டார்.

"இப்பத்தான் ஒழுங்காக் கூப்புடுது," என்றார்.

கேட்க நினைத்திருந்ததைத் தனசேகரன் அப்போதுதான் கேட்டார்.

"அக்கா, படிக்க ஆளில்லன்னு நெனச்சுத்தான் எழுதிட்டிருந்தேன். எத்தன வருசமா இதைக் கேட்டுக்கிட்டு வர்றீங்க?"

முனீரா விரல்விட்டு எண்ணினார்.

"பதினாறு வருசம்."