இலக்கம் இருபத்துமூன்று

பிரசங்கபீடத்தின் பலகைகளைத் தூக்கியதும் அடியிலிருந்து ஈரச் சீமெந்தும் பாசியும் உளுத்த மரமும் கலந்த ஒரு வாசம் எழும்பிவந்து மூக்கில் ஏறும். எங்கள் கோயிலில் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இல்லை. விவரம் தெரிந்த வயதில், விசுவாசிக்கிறேன் என்று தன் வாயால் சொன்னவரைத்தான் அந்தப் பலகைக்குக் கீழே இருந்த தொட்டியில் தலையோடு அமிழ்த்தி எடுப்பார்கள். கோயில் கிணறு உவர் என்பதால் தொட்டிக்கு வேண்டிய தண்ணீரெல்லாம் பக்கத்து வளவு ராத்தாவின் கிணற்றிலிருந்து வரும். கல்முனையில் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே நின்ற எங்கள் சின்னப் பப்டிஸ்ட் சபையைத் தெரு முழுவதும் "முழுக்குப் பள்ளி" என்றே சொன்னது. நாங்களும் திருத்தப் போனதில்லை.

பதின்மூன்று வயதில் நானும் முழுகினேன். முழுகியவருக்கு அங்கத்தவர் புத்தகத்தில் ஓர் இலக்கம் கிடைக்கும், எனக்கு நாற்பத்தொன்று. சுவருக்கு வெள்ளையடிப்பதானாலும் அங்கத்தவர்கள் கையுயர்த்தித்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் சபை முறை. அந்த உரிமை எனக்கும் வந்துவிட்டதென்ற தலைக்கனத்தில் ஒரு கிழமை என் கால் நிலத்தில் பாவவில்லை. புத்தகம் சபைச் செயலாளரான அப்பாவின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். பழைய ஆட்களுக்கு எல்லாருடைய இலக்கமும் மனப்பாடம். எனக்கு என்னுடையது மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். அம்மா கோயில் குசினியில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருவரைப் பற்றிக் கதைக்க வேண்டி வந்தால், அவருக்கு வெட்கம் வரக்கூடாதென்று, பெயரை விட்டு இலக்கத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். போதகர் எழுந்து, "இலக்கம் இருபத்துமூன்றை ஒழுங்கின்கீழ் வைக்கச் சம்மதமான ஆக்கள் கைய உயர்த்துங்க" என்றார். ஒழுங்கு என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து ஒழுங்கு: வரிசையும் துப்புரவும். வாங்குகளை நேராக அடுக்க யாரையோ நியமிக்கிறார்கள் என்று நினைத்து, கிடைத்த முதல் சந்தர்ப்பத்தை விடக்கூடாதென்று, எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கினேன். கைகளை எண்ணிக்கொண்டு வந்த அப்பா என்னிடம் வந்ததும் நின்று, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். மெச்சுகிறார் என்று எண்ணி, கையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

அதன் பிறகு அம்மா கடைசி வாங்கில் இருக்கத் தொடங்கினார். திருவிருந்து ஞாயிறுகளில் அப்பத் தட்டு சுற்றி வரும்போது எழும்பி வெளியே போய்விடுவார். "என்ன புள்ள, ஒங்கட உம்மா உள்ளுக்கு இருக்காம எங்கட கிணத்தடியில வந்து நிக்கிறா?" என்று ராத்தா ஒருநாள் கேட்டார். "அவக்கு விசுவாசம் காணாது" என்றேன். அதையே அம்மாவின் முகத்துக்கு நேரேயும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அம்மா ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை.

இந்த வருடம் சபைக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும், வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று இப்போதைய இளம் போதகர் பழைய புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார். மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் தொடங்கிய ஜெபக்கூட்டம், பிறகு போட்ட ஓலைக்கொட்டில், தொட்டி கட்டிய கதை என்று உற்சாகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். காலமாகிவிட்ட அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில் ஒரு பக்கம் வந்தது. "இலக்கம் 23, பாண்டிருப்பில் தீமிதிப்பில் பங்குபற்றியமையால் சபை ஐக்கியத்திலிருந்து நீக்கப்படுகிறார். சம்மதம் 14. ஏகமனதாக." திகதி, நான் முழுகியதற்கு அடுத்த ஞாயிறு. யார் அந்த இருபத்துமூன்று என்று விடுப்புப் பார்க்கிற ஆசையில் அங்கத்தவர் புத்தகத்தைப் புரட்டினேன்.

அம்மாவின் பெயர் இருந்தது. விரலை வைத்து மூன்று தரம் வாசித்தேன். என் கையையும் எண்ணித்தான் அப்பா அந்தப் பதினான்கை எழுதியிருந்தார்.

அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அம்மா, இருபத்துமூண்டு நீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் மகள்" என்றார், நிமிராமலே.

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். அது யுத்தக் காலம், பாண்டிருப்பில் இருந்த பெரியம்மாவின் மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் உயிரோடு திரும்பி வந்ததற்குப் பெரியம்மா தீ மிதித்தார். மிதித்து வந்தவரின் காலுக்கு அம்மா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவும்தான் அம்மா செய்த குற்றம்.

"அக்கா கால் வெந்து நிக்கக்குள்ள நான் பாத்துக்கிட்டு நிக்கிறதா?" என்றார் அம்மா.

"நான் கை தூக்கினது தெரியுமா?"

"தெரியும். அப்பா வீட்ட வந்து சொல்லிச் சொல்லி அழுதாரு."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீ கோயிலயும் வெறுத்திருப்பாய், ஒன்னயும் வெறுத்திருப்பாய். வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டன்."

எனக்கு வந்த கோபம் போதகர் மேலா, அப்பா மேலா, என் மேலேயா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "இந்த ஞாயிறே கூட்டம் வெச்சு உங்கட பேரத் திரும்பச் சேர்க்கச் சொல்றன்" என்று கத்தினேன்.

"நீக்கின ஆக்கள்தானே சேர்க்க வேணும். இப்ப ஆர் இருக்கா?"

நினைத்துப் பார்த்தேன். இலக்கம் சொல்லும் வழக்கம் ஒழிந்து, பெயர்கள் போதகரின் கணினிக்குள் போய்விட்டன. ஞாயிறுகளில் வருகிற ஒன்பது பேரும் பிறகு வந்தவர்கள். அந்தப் பதினான்கு பேரில் சிலர் கல்லறையில், சிலரைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது, ஒருவர் வெளிநாட்டில் இறந்தார். மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.

அதைச் சொன்னேன். அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ன, நீ தூக்கன்" என்றார்.

தூக்கினேன். என் கையைப் பார்த்தபடியே அம்மா விம்மி அழுதார். இத்தனை வருடத்தில் அதற்காக அம்மா அழுது நான் கண்டது அன்றுதான்.