ஆறாவது குவியல்

மொத்தக் காய்கறிச் சந்தையின் பின்வாசலைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று வரும். விலைபோகாமல் அழுகிய தக்காளி, முட்டைக்கோஸின் வெளித்தழை, சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம், கோழிப்பண்ணைகளின் எச்சம் எல்லாம் அங்கே வந்துதான் உரமாகும். பதினோரு வருஷமாக அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பு ஒரு பெண். சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சந்தையில் அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சுடுதண்ணி.

அப்படிச் சும்மா ஒன்றும் பெயர் வைக்கவில்லை. கொட்டகையில் இரண்டு வகை மண்வெட்டி உண்டு. சிவப்புப் பிடி பச்சைக் குப்பைக்கு, நீலப் பிடி மக்கி முடிந்த உரத்துக்கு. ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் அவசரத்தில் சிவப்பு மண்வெட்டியை மக்கிய உரத்தில் செருகிவிட்டார். அவள் போட்ட சத்தத்தில், யாரோ லாரிக்கடியில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து வெங்காயக் கடைக்காரர் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஒரு மண்வெட்டிக்கா அக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் டிரைவர்.

"கக்கூஸ் கழுவின கையோட நான் உங்களுக்குச் சாப்பாடு போட்டா பேசாம சாப்பிடுவீங்களா?"

டிரைவருக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கோபத்துக்கு வயது பதினேழு. அப்போது அவள் ஆற்றோரக் கீரைத் தோட்டம் ஒன்றில் கூலிக்கு இருந்தாள். பச்சைச் சாணத்தையும் கோழி எச்சத்தையும் தண்ணீரில் கரைத்து வாளி வாளியாகப் பாத்திகளில் ஊற்றுவது வேலை.

"இலை மேலயும் படுதே, பரவாயில்லையா?" என்று தோட்டக்காரரிடம் ஒருமுறை கேட்டாள்.

"பரவாயில்லை, மழை பெய்ஞ்சா கழுவிட்டுப் போகுது" என்றார் அவர்.

ஆனால் தன் வீட்டுத் தேவைக்கென்று அவர் ஓரமாகத் தனிப் பாத்தி ஒன்று வைத்திருந்தார். அதன் பக்கம் அந்த வாளியைக் கொண்டுபோக விட்டதே இல்லை. ஏன் என்று அவளும் யோசிக்கவில்லை. சாயங்காலம் ஒரு கட்டு இளங்கீரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஏழு வயது மகளுக்கு அதை வதக்கக்கூட வேண்டாம். முயல்குட்டி மாதிரிப் பச்சையாகவே கொறித்துத் தின்பாள்.

ஒரு வாரம் மகளுக்கு ரத்தமும் சீதமுமாகப் போனது. அடுத்த வாரம் சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்து பிள்ளை பிழைத்தாள். அவளுடைய சிறுநீரகங்கள் பாதிதான் பிழைத்தன. என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்த டாக்டரம்மா சொன்னார்: "பச்சைச் சாணத்துல, எச்சத்துல இருக்கிற கிருமிம்மா இது. இலையில ஒட்டிக்கிட்டா எவ்வளவு கழுவினாலும் முழுசாப் போகாது. நல்ல சூட்டுல மக்கின உரமா இருந்திருந்தா அதுலயே செத்திருக்கும்."

அப்போதுதான் அந்தத் தனிப் பாத்தி அவள் நினைவுக்கு வந்தது. தெரிந்தே ஊற்றச் சொன்னவர் அவர். தெரியாமல் ஊற்றியது இவள் கை. இருவரில் யார்மேல் தனக்குக் கோபம் அதிகம் என்று அவளால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சந்தைக் கொட்டகையில் வேலை கிடைத்தபோது அவள் முதலில் கேட்டு வாங்கியது நீளமான கம்பி வைத்த வெப்பமானி. குவியலின் வயிற்றில் அதைச் செருகினால் அறுபது டிகிரி காட்ட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டி, வெளியே இருப்பதை உள்ளே தள்ள வேண்டும். ஒரு பிடிகூடச் சூடு படாமல் தப்பக் கூடாது. பிறகு இரண்டு மாதம் ஆறப்போட வேண்டும். மொத்தம் மூன்று மாதம். அதற்கு ஒருநாள் முன்னால் கேட்டாலும் ஒரு சட்டி உரம் தரமாட்டாள்.

இந்த வருஷம் சந்தைக்கு ஒரு புது அதிகாரி வந்தார். நாற்றம் பிடித்த கொட்டகைக்குள்ளும் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நிற்பார். சந்தைக்காரர்கள் இரண்டாம் நாளே இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் கீரைத் தோட்டம் போட்டிருந்தார்கள். பெரிய விருந்தினர்கள் முன்னால் அறுவடை செய்து, அங்கேயே பிள்ளைகளுக்குப் பச்சைக்கீரை சாலட் கொடுத்து, போட்டோ எடுக்க வேண்டும். அதற்கு உடனே நாற்பது மூட்டை உரம் வேண்டுமாம்.

"எல்லா உரமும் போன வாரமே போயிடுச்சு. அடுத்தது தயாராக ரெண்டு மாசம் ஆகும் சார்" என்றாள்.

"அதோ, ஆறாவது குவியல் கறுப்பாத்தானே இருக்கு?"

"அது போட்டுப் பதினெட்டு நாள்தான் ஆகுது. பாதி கோழி எச்சம். கறுப்பா இருந்தா போதும்னா கரியை அள்ளிப் போடுங்க."

இஸ்திரி சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை அவள் நம்பியிருக்கக் கூடாது. மகளின் பரிசோதனைக்காக அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தாள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் ஆறாவது குவியல் இருந்த இடத்தில் ஈரத் தரைதான் இருந்தது.

"அதிகாரியே நின்னு ஏத்திட்டுப் போனார்க்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் காவலாளி.

கை காலைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினாள். பள்ளிக்கூடத்தில், ஏற்கெனவே சாண் உயரம் வளர்ந்திருந்த கீரைக்கு அந்த உரத்தை மேலுரமாகத் தூவியிருந்தார்கள். போதாக்குறைக்குக் குழாய் வைத்து மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியிருந்தார்கள். ஒவ்வோர் இலையின் அடியிலும் கறுப்புக் கறுப்பாகத் தெறித்து ஒட்டியிருந்தது. நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

தலைமையாசிரியை அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகவே இஸ்திரிக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டு, "உங்களுக்கும் அவருக்கும் ஏதோ மனஸ்தாபமாமே?" என்றார்.

அவள் திரும்பித் தோட்டத்துக்குப் போனாள். பாத்தியிலிருந்து அந்த உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளி, லேசாக ஈரமாக்கி, காற்றுப் புகாமல் முடிச்சுப் போட்டாள். மக்கிய உரமானால் மூன்று நாள் கட்டி வைத்தாலும் மழை பெய்த மண் மாதிரிதான் மணக்கும். வியாழக்கிழமை அதே பையைக் கொண்டுவந்து, தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்து அவிழ்த்தாள்.

கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். தலைமையாசிரியை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

"இதுதான் நாளைக்கு உங்க பிள்ளைங்க தட்டுல" என்றாள் அவள்.

"புரியுதும்மா. ஆனா விருந்தாளிங்களுக்கு அழைப்பு போயாச்சு. நல்லா நாலு தண்ணியில கழுவிடச் சொல்றேன்."

மழை பெய்ஞ்சா கழுவிட்டுப் போகுது. அதே பேச்சு. பதினேழு வருஷம் கழித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, அதே பேச்சு. அவள் காது இரண்டும் கொதித்தன. விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போனாள். முதல் பாத்தியில் குனிந்து, கீரையை வேரோடு பிடுங்கி எறிந்தாள். இரண்டாவது பாத்தி. மூன்றாவது.

"யார் வீட்டுப் பிள்ளைங்கன்னு நினைச்சீங்க? சாகக் குடுக்கவா அனுப்பினாங்க?" என்று கத்தியபடியே பிடுங்கினாள். வகுப்பு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஆசிரியர்கள் எட்டி நின்று "அம்மா, அம்மா" என்றார்களே தவிர, உரம் ஒட்டிய அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் வர யாருக்கும் மனசில்லை.

பள்ளிக்கூடச் சமையல்காரர் மட்டும் வெளியே வந்தார். ஆள் மலை மாதிரி. பேச்சு சுத்தமாகக் கிடையாது. அவள் எறிந்த கீரை ஒன்றை எடுத்துத் திருப்பி, இலையின் அடியைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசிப் பாத்தியிலிருந்து அவரும் பிடுங்க ஆரம்பித்தார். இருவரும் நடுவில் சந்தித்தபோது தோட்டத்தில் பச்சை என்று ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் விருந்தினர்கள் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குத் தற்காலிகப் பணிநீக்கக் கடிதம் வந்தது. பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினாளாம்.

ஆனால் சமையல்காரர் பிடுங்கியதில் ஒரு கட்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அவருடைய மச்சினனுக்குச் சுகாதாரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அவள் மகளைப் படுக்கையில் தள்ளிய அதே வகைக் கிருமி. இஸ்திரியைப் பூங்காத் துறைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு ஏசி அறையாம். அவளைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். அதில், 'கருணை அடிப்படையில்' என்று ஒரு வரி.

"கருணையா? யாருக்கு யார் காட்டுற கருணை?" கடிதத்தைக் கொண்டுபோய் அலுவலக மேசையில் அறைந்தாள். "அந்த வரியை எடுங்க. அப்பதான் வருவேன்."

வீட்டில் மகள் கெஞ்சினாள். "அம்மா, ஒரு வார்த்தைதானே. விட்டுத்தொலை."

"உன்னை அன்னிக்குக் கெடுத்ததும் ஒரு வார்த்தைதான்டி. 'பரவாயில்லை'."

 அன்றிரவுச் சாப்பாட்டை மகளே பரிமாறினாள். பன்னிரண்டாம் நாள் புதுக் கடிதம் வந்தது, அந்த வரி இல்லாமல். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் கொட்டகையில் நின்றாள்.

பள்ளித் தோட்டத்தில் மண்ணை மாற்றி, மூன்று மாதம் மக்கிய உரம் போட்டு, புதிதாக விதைத்தார்கள். வேரடியில் மட்டும் தண்ணீர் விட அவளே போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அறுவடையன்று தலைமையாசிரியை அவளை மாலை போட்டு வரவேற்றார்.

"நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் மறந்துடலாமே."

அவள் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நீங்க மறந்துடுவீங்கன்னுதான் எனக்குப் பயமே" என்றாள். நேராகச் சமையல்கட்டுக்குப் போய், சமையல்காரர் கீரை அலசும் தொட்டியில் எந்தக் குழாய்த் தண்ணீர் விழுகிறது என்று குனிந்து பார்த்தாள்.