மாமாவின் இரண்டு மாத்திரைகள்

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டோடுதான் இருந்தார். பரவை மார்க்கெட்டில் லாரியிலிருந்து காய்கறி மூட்டை இறக்குவது அவர் வேலை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவார். வீட்டில் அல்சர் மாத்திரை என்று சொல்லியிருந்தார். அது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகு அவரேதான் சொன்னார்.

அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை என்றால் என்னையும் கூட்டிக்கொள்வார். அந்தப் பயணங்கள் பாதித் தூக்கத்தில் நடந்தவை போலவே நினைவில் இருக்கின்றன. பஸ் ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் கண்மாய் மிதக்கும். அதன்மேல் கொக்குகள் சத்தமில்லாமல் எழும்பும். மாமாவின் சட்டையில் கொத்தமல்லி வாசம் வரும். நான் அவர் தோளில் கன்னம் சாய்த்துக்கொள்வேன்.

ஒரு முறை டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முந்தின தடவை எடுத்த ரத்தத்தில் ஏதோ சரியில்லை.

"கிட்னி சோர்ந்திருக்குப்பா. இந்த மாத்திரைய வருசக்கணக்காப் போடுறவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். ஆனா திடீர்னு இம்புட்டு மோசமாகாது. வெளியில வேற மாத்திரை எதுவும் வாங்கிப் போடுறீங்களா?"

"இல்லங்க டாக்டர்."

மாமா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "மெடிக்கல்ல டெய்லி வாங்கிப் போடுவீங்களே மாமா, இடுப்பு வலிக்கு. மஞ்ச மாத்திரை" என்று நினைவுபடுத்தினேன்.

மாமா தரையைப் பார்த்தார்.

"மெடிக்கல்ல இந்த ஆஸ்பத்திரி மாத்திரையப் பத்திச் சொன்னீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"எப்படிங்க சொல்றது? எங்க தெருக்காரவுக கடை." அது மாமாவின் குரல் போலவே இல்லை. "இங்க வலின்னு சொன்னா, மூட்டை தூக்காதம்பீங்க. வேற வேலை எனக்கு என்ன தெரியும்?"

மெடிக்கலில் ஆஸ்பத்திரி மாத்திரையை மறைத்தார், ஆஸ்பத்திரியில் மஞ்சள் மாத்திரையை மறைத்தார். இரண்டையும் பார்த்திருந்தவள் நான் ஒருத்திதான்.

டாக்டரம்மா திட்டவில்லை. வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். கூட்டு மருந்தில் ஒன்றை மாற்றி எழுதினார். "பயந்துபோய் நீங்களா இத நிறுத்திராதீங்க. இடுப்புக்கு வேற வழி பாப்போம். சீக்கிரமே திரும்ப வந்து ரத்தம் குடுங்க."

சில மாதங்களில் கிட்னி தேறிவிட்டது. மாமா மூட்டை தூக்குவதை விட்டு, அதே மார்க்கெட்டில் ஒரு கடையில் எடை போட நின்றார். இன்றும் அங்கேதான் நிற்கிறார்.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் மாமா எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கித் தந்தார். நான் பாதி குடித்திருப்பேன், குனிந்து காதருகே சொன்னார்.

"தாயி, வீட்ல எதுவும் சொல்லிராத. அம்மாட்ட கூட."

சளி பிடிக்கும் என்று அம்மா எனக்குச் சோடா தரவே கூடாது என்றிருந்தாள். மாமாவின் பயம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவுக்குப் பன்னீர் வாசம் தெரிந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போன எடத்துல என்னடி நடந்துச்சு? உண்மையச் சொல்லு" என்று கையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் நடக்கலம்மா" என்று சாதித்தேன். அடி விழுந்தும் சொல்லவில்லை.

வாசலில் நின்ற மாமா முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு சோடாவுக்குப் போய் இவ்வளவு பெரிய மனிதர் அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.