திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் நாகரசம்பட்டியிலிருந்து ஜவளகிரிக்கு இரண்டு மாட்டு வண்டிகளில் குடிபெயர்ந்தோம். பதினொரு மூட்டைகளையும் எண்ணி ஏற்றினேன். வீட்டைப் பூட்டிய மாமியார், "திரும்பிப் பாக்காம ஏறும்மா" என்றார். குடிபோகும்போது அதுதான் எங்கள் வழக்கம். கைக்குழந்தை முன்வண்டியில் நாத்தனாரிடம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரை தாண்டியதும் என் பக்கத்துப் பாத்திர மூட்டைக்குள் குழந்தை அழுதது. பிரித்தேன். பாத்திரம்தான் இருந்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கொழந்த உங்ககிட்டதானே அண்ணி இருக்குது?" என்றாள்.

மாமியாரிடம் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். பூட்டிய வீட்டில் மகன் தூளியில் அயர்ந்து தூங்கினான். அழுத தடமே இல்லை. தூளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் மூட்டைகளுக்கு முன்னால் ஆட்களை எண்ணுகிறேன். அந்த அழுகை முன்வண்டியிலும் கேட்டதா என்று நாத்தனாரிடம் அன்று விசாரித்தேனா, நினைவில்லை. அவள் இப்போது ஊத்தங்கரையில் இருக்கிறாள். யாராவது அவளிடம் சரிபார்த்துச் சொல்லுங்கள்.