படையலுக்கு ஒரு முழு பாக்கெட்

போன வாரம் ஒரு சிகரெட் பாக்கெட் வாங்கினேன். முழுசாக ஒரு பாக்கெட்.

பதறாதீர்கள், எனக்கில்லை. நான் அதை விட்டு ஏழு வருஷமாகிறது. விட்ட கதையை இதே பக்கத்தில் மூன்று வாரம் இழுத்து எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். இது என் பெரியப்பா மகன் கோவிந்தசாமி அண்ணனுக்காக வாங்கியது. அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். இறந்து பதினாறாம் நாள் காரியம்.

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். சிகரெட்டால் போனவருக்குத்தான் சிகரெட்!

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காரியத்தன்று போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு, இறந்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் வைப்போம். கருவாட்டுக் குழம்பு பிடிக்குமென்றால் கருவாட்டுக் குழம்பு. குடிப்பவர் என்றால் ஒரு குவார்ட்டர். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால், மூத்த மகன் ஒன்றைத் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, ஓர் இழுப்பு இழுத்துவிட்டு இலையோரம் வைக்க வேண்டும். சும்மா வைத்தால் போய்ச் சேராதாம்.

முந்தின நாள் அண்ணன் மகன் டில்லி போன் செய்தான். நகரியில் விசைத்தறி மெக்கானிக், முப்பது வயசு. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவனுக்கு அப்பா நைனா, நான் சின்ன நைனா.

"சின்ன நைனா, வரும்போது நைனாவோட பிராண்டு வாங்கிக்கினு வாங்க. பாக்கெட்டா வாங்குங்க. கடைசி வரிக்கும் ஒண்ணு ரெண்டுன்னே வாங்கிக்கினு இருந்தாரு..."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மைதான். விஜயபுரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டுப் பிழைத்த மனிதர். பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் காலையில் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, பொழுது சாய்ந்தால் இரண்டு. கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்து, அங்கேயே நின்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நான் ஊருக்குப் போனால் எனக்கும் சேர்த்து வாங்குவார். நான் விட்ட பிறகும் ஒவ்வொரு தடவையும் "உனுக்கு வோணாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். அவரை விடச் சொன்னேனா? இல்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிற எனக்கு, வயசில் மூத்தவரிடம் அதைச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கடையில் பாக்கெட் கேட்டேன். கடைக்காரர் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஃபுல் பாக்கெட்டா சார்?" என்று உறுதி செய்துகொண்டார். அவர் கடையிலும் ஒன்றிரண்டாகத்தான் போகும்போல.

நகரியில் இறங்கி, டில்லியின் பைக்கில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டாகிவிட்டது. வாசல் பந்தலில் வந்தவர்களுக்கென்று ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடிக்கட்டு. அதுவும் வழக்கம். துக்க வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு உட்காரவைக்கக் கூடாதல்லவா?

நான் பாக்கெட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த முனியம்மா அண்ணி அதை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் அதே படம். தொண்டை புடைத்துப் புண்ணாகிப்போன ஒரு மனிதர்.

"இன்னா தம்பி இது?"

எச்சரிக்கைப் படம் அண்ணி, சட்டப்படி எல்லா பாக்கெட்டிலும் போட வேண்டும் என்றேன். எத்தனை நாளாகப் போடுகிறார்கள் என்று கேட்டார். ரொம்ப வருஷமாக என்றேன்.

அண்ணி அந்தப் படத்தை விரலால் தடவினார். எட்டு மாதம் அதே மாதிரிப் புண்ணைக் கழுவித் துடைத்த விரல்.

"இவுருக்கு வந்த அதே எடம். இப்டி ஆவும்னு படமே போட்டு வெச்சிகிறாங்க. எங்க ஊட்டுக்கு மட்டும் இது ஒருநாளும் வரலியே தம்பி?"



அந்தப் படத்தைப் பெரிதாக்கியபோது சந்தோஷப்பட்டு இங்கே எழுதியவன் நான். இனி எவன் கையில் எடுப்பான் என்று சவால்கூட விட்டேன். அண்ணன் எங்கே பாக்கெட்டைக் கையில் எடுத்தார்? பாக்கெட் கடைக்காரரின் அலமாரியில் இருந்தது. படமும் அங்கேயே இருந்தது. அண்ணன் கைக்கு வந்தது வெறும் வெள்ளைக் குச்சி. விடுவதற்கு உதவி கேட்க ஓர் இலவச போன் நம்பரும் பாக்கெட்டில்தான் அச்சடித்திருக்கிறது... அவருக்கு அது எப்படித் தெரியும்?

வரியை ஏற்றுகிறார்கள். ஏற்ற வேண்டியதுதான். ஆனால் விலை ஏறினால் விட்டுவிடுபவர் சிலர். பாக்கெட்டை விட்டு ஒற்றைக்கு மாறுபவர் பலர். ஒற்றையாக விற்கக் கூடாது என்று சில மாநிலங்களில் தடை போட்டிருக்கிறார்கள். அங்கேயும் கடைக்காரர் பாக்கெட்டைப் பிரிக்கத்தான் செய்கிறார். தியேட்டரில் படம் தொடங்கும் முன் பயமுறுத்துகிறார்கள். அண்ணன் தியேட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. தலைநகரில் உட்கார்ந்து யோசித்தவர்கள் நல்லதைத்தான் யோசித்தார்கள். அந்தப் பெட்டிக்கடை முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பார்த்திருக்கலாம். அவர்களைச் சொல்வானேன்? நான் எத்தனை வருஷம் அங்கே நின்றிருக்கிறேன்! எனக்கே தோன்றவில்லையே.

பங்காளிகளில் மூத்தவரான சின்னப் பெரியப்பா, அண்ணனுக்குச் சித்தப்பா, நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். டில்லி ஒரு சிகரெட்டை உருவி வாயில் வைத்தான். அதை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை அவனுக்கு. யாரோ தீக்குச்சி உரசி நீட்டினார்கள்.

அண்ணி எழுந்து வந்து, அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கினார்.

பெரியப்பாவுக்குக் கோபம். செத்தவன் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் ஆத்மா இந்த வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும், நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். பிறகு என்னைப் பார்த்து, பேப்பரில் எழுதுகிறவன்தானே, நீ ஒரு நியாயம் சொல் என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பற்றவைக்காமல் சும்மா வைத்துவிடலாமே... என்றேன். இரண்டு பக்கமும் மனம் நோகாமல் ஒரு சமரசம்! கமிட்டி போட்டால் இப்படித்தான் முடிவு வரும்.

அண்ணி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரியப்பாவிடம்தான் பேசினார். குரலை உயர்த்தவும் இல்லை.

"எம் புள்ள வாயில இது போவக் கூடாது மாமா. இலையிலயும் வோணாம். அவுரு கேட்டா, நான் போய் பதில் சொல்லிக்கிறேன்."

பிரித்த பாக்கெட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அண்ணனுக்குப் பிடித்த மசால் வடை ஒன்றை அந்த இடத்தில் வைத்தார். பிறகு வாசலைக் காட்டி டில்லியிடம் சொன்னார்.

"வெத்தல பாக்கு இருக்கட்டும். மத்தத எடுத்துடு."

டில்லி புகையிலையையும் பீடிக்கட்டையும் தட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போனான். பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். சிகரெட் வாடை இல்லாமல் அண்ணனுக்குக் கற்பூரம் காட்டினோம்.

நாட்டில் புகையிலை ஒழிப்பு எப்போது முழுசாக அமலுக்கு வருமோ தெரியாது. எங்கள் குடும்பத்தில் அது போன ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு அமலுக்கு வந்தது.